ஸ்டாப்பர் ஏன் கோட்டோரம் ஓடினார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்துப் பயிற்சியாளர் கிறிஸ் வைல்டர் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கீழ்நிலை லீக்குகளில் காலம் தள்ளிய ஒரு தடுப்பாட்டக்காரருக்குத் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை அவரை உடை மாற்றும் அறையில் உரக்கப் பேசி ஆட்களை உசுப்பேற்றுபவர் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது. அவர் பயிற்சி தந்த ஷெஃபீல்டு யுனைடெட் எழுந்ததற்குக் காரணம் மன உறுதி, விழுந்ததற்குக் காரணம் மன உறுதி குலைந்தது என்று முடித்தும்விட்டது. இரண்டுக்குமே காரணம் ஆடுகளத்தில், பக்கக்கோட்டை ஒட்டிய ஒரு குறுகலான பட்டையில் இருந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆளைப் பற்றி. 1967இல் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் பிறந்தவர். சவுத்ஹாம்ப்டனில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 1986இல் சொந்த ஊர் அணியான ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு வந்தார். ரைட் பேக், அதாவது வலப் பக்கத் தடுப்பாளர். டேவ் பாசெட் பயிற்சியில் அந்த அணி 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு படி ஏறியபோது உள்ளே இருந்தார். பிறகு ராதர்ஹாம், நாட்ஸ் கவுண்டி, பிராட்ஃபோர்டு, மறுபடியும் ஷெஃபீல்டு, பிரைட்டன், கடைசியாக ஹாலிஃபாக்ஸ். நடுவில் கடனாகப் போய் ஆடிய அணிகள் தனி. தேசிய அணிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

பயிற்சியாளராக அவர் ஏறிய ஏணி தெரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் லீக் அடுக்கைச் சொல்ல வேண்டும். மேலே 20 அணிகளின் பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஐந்தாம் படியில் கான்ஃபரன்ஸ், இப்போது அதற்குப் பெயர் நேஷனல் லீக். அதற்கும் கீழே வட்டார லீக்குகள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். வைல்டர் 2001இல் தொடங்கியது எட்டாம் படியில், ஆல்ஃப்ரெட்டன் டவுனில். அந்த சீசனிலேயே லீக் பட்டம். 2002இல், கான்ஃபரன்ஸுக்கு அப்போதுதான் இறங்கியிருந்த ஹாலிஃபாக்ஸுக்குப் போனார். அங்கே ஆறு ஆண்டுகள். 2006இல், மேல் படிக்கு ஏறும் அணியை முடிவு செய்யும் பிளே ஆஃப் இறுதியில் ஹெரஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். 2008இல் கடன் முற்றி அந்த கிளப்பே கலைந்தது. அதே ஆண்டுக் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். 2010 மே மாதம் வெம்ப்ளியில் யார்க் சிட்டியை 3-1 என்று வென்று நான்காம் படிக்கு ஏற்றினார்.

2014 ஜனவரியில் லீக் டூவின் அடிவாரத்தில் கிடந்த நார்தாம்ப்டனை எடுத்து, அந்த சீசனில் இறங்காமல் காப்பாற்றினார். 2015 இலையுதிர் காலத்தில் அந்த கிளப்பில் சம்பளம் நின்றது, வரித்துறை நெருக்கியது. நகராட்சியிடம் வாங்கிய 1 கோடி பவுண்டுக்கும் மேலான கடன் ஒரு பக்கம், பாதியில் நின்ற பார்வையாளர் ஸ்டாண்டு இன்னொரு பக்கம். ஆட்டம் முடிந்த பேட்டியிலேயே கிளப் கைமாற வேண்டும் என்று வைல்டர் வெளிப்படையாகப் பேசினார். சீசன் முடிவில் 99 புள்ளிகளோடு சாம்பியன். உங்கள் கட்டுரை சொன்ன மன உறுதிக்கு இது நல்ல சாட்சி, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 2016 மே மாதம் அவர் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் பயிற்சியாளராகத் திரும்பியபோது முன்னால் நின்ற சிக்கல் வேறு வகை.

அப்போது அந்த அணி மூன்றாம் படியான லீக் ஒன்னில், முந்தைய சீசனில் 11ஆம் இடம். வைல்டர் வந்த பிறகு முதல் நான்கு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி, அட்டவணையில் கடைசி. மூன்று ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்), ஐந்து நடுக்களம், இரண்டு ஃபார்வர்டு என்ற 3-5-2 அதன் பிறகுதான் நிலைபெற்றது. அந்த சீசன் முடிந்தபோது 100 புள்ளிகள், 30 வெற்றி, 92 கோல். பில்லி ஷார்ப் மட்டும் 30 லீக் கோல்.

சிக்கல் என்னவென்றால், லீக் ஒன்னில் ஷெஃபீல்டு யுனைடெட் பெரிய கிளப். அதன் மைதானமான பிரமால் லேனுக்கு வரும் அணிகள் ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று வரும். பத்துப் பேரைப் பந்துக்குப் பின்னால் நிறுத்தும், முன்னால் ஒரே ஒரு ஃபார்வர்டு. அவரைத் தடுக்க மூன்று ஸ்டாப்பர்கள் எதற்கு? ஒருவர் ஒட்டி நிற்கிறார், ஒருவர் பின்னால் துணைக்கு நிற்கிறார், மூன்றாமவர் வேடிக்கை பார்க்கிறார். அங்கே ஒரு ஆள் மிச்சம், எதிரணி அடைத்துவைத்திருக்கும் மறுமுனையில் ஒரு ஆள் குறைவு. வழக்கமான பயிற்சியாளர் ஸ்டாப்பரை எடுத்துவிட்டு ஒரு ஃபார்வர்டை இறக்குவார். வைல்டரும் அவருடைய துணைப் பயிற்சியாளர் ஆலன் நிலும் ஆளை மாற்றவில்லை, அந்த ஸ்டாப்பரையே விங் பேக்கின் (பக்கக்கோட்டை ஒட்டி முன்னும் பின்னும் ஓடுபவர்) வெளிப்பக்கமாகக் கோட்டோரம் ஓடவிட்டார்கள். நிலும் ஹாலிஃபாக்ஸ், பரி, ஸ்கன்தார்ப், ராதர்ஹாம் என்று ஆடிய பழைய ஸ்டாப்பர்தான்.

இது எப்படி நடந்தது என்பதை இடப் பக்கத்தை வைத்துச் சொல்கிறோம், அங்கேதான் மிகச் சுத்தமாக நடந்தது. ஆட்கள்: இட ஸ்டாப்பர் ஜாக் ஓ'கானல், ஆறடி மூன்று அங்குல உயரம், இடக்கால்காரர். லெஃப்ட் விங் பேக் எண்டா ஸ்டீவன்ஸ். நடுக்களத்தில் இடப்புறம் ஜான் ஃப்ளெக், எல்லோருக்கும் பின்னால் ஆலிவர் நார்வுட். முன்னால் டேவிட் மெக்கோல்ட்ரிக். நார்வுட் பந்தை வாங்கி, முகம் எதிரணி கோலைப் பார்த்தபடி திரும்பி, கோட்டோரம் நிற்கும் ஸ்டீவன்ஸுக்குக் குறுக்காகத் தருகிறார். பந்து நார்வுட் காலைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓ'கானல் ஓடத் தொடங்குகிறார். பந்து ஸ்டீவன்ஸிடம் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல. ஸ்டீவன்ஸ் பந்தோடு நான்கைந்து கெஜம் உள்ளே நகர்ந்து எதிரணி ரைட் பேக்கைத் தன்னோடு இழுக்கிறார். காலியான கோட்டோரத்தில் ஓ'கானல் பாய்கிறார். ஃப்ளெக் உள்புறம் பாஸுக்குத் தயாராக நிற்கிறார், மெக்கோல்ட்ரிக் இறங்கி வந்து நான்காம் ஆளாகிறார்.

எதிரணிக்கு அந்தப் பட்டையில் இருப்பவர்கள் ரைட் பேக், ரைட் விங்கர் (வல ஓரத் தாக்குதல்காரர்), வலப்புற நடுக்கள ஆட்டக்காரர். நாலுக்கு மூன்று. ஓ'கானலைப் பின்தொடர வேண்டியவர் விங்கர். அவர் வேலையே முன்னால் போய்த் தாக்குவது, பின்னால் ஓடுவது அவருக்குப் பிடிக்காத வேலை. தொடர்ந்து வந்தால் தன் பெனால்டி பாக்ஸுக்குள் நிற்பார், பந்து பறிபோனாலும் அங்கிருந்து எதிர்த்தாக்குதலுக்குக் கிளம்பப் பாதிக் களத்துக்கும் மேல் ஓட வேண்டும். தொடராவிட்டால் ஓ'கானல் தடையின்றி கிராஸ் போடுவார், அதாவது ஓரத்திலிருந்து பந்தைக் கோல் முன்னால் அனுப்புவார். ரைட் பேக் ஸ்டீவன்ஸை விட்டுவிட்டு வெளியே வந்தால் உள்ளே ஃப்ளெக்குக்கு வழி திறக்கும். எதைத் தேர்ந்தாலும் எதிரணிக்கு ஒரு ஓட்டை.

பின்பக்கம் என்ன ஆகிறது? பார்க்கிறவர்கள் பதறுவது இங்கேதான். ஓ'கானல் கிளம்பியதும் நார்வுட் இறங்கி நடு ஸ்டாப்பர் ஜான் ஈகனுக்கு இடப்புறம் நிற்கிறார். வல ஸ்டாப்பர் கிறிஸ் பாஷம் நகர்வதில்லை. ஆக மறுபடியும் மூன்று பேர். ஜான் லண்ட்ஸ்ட்ரம் நடுவட்டத்தை ஒட்டி நிற்க, வலப் பக்க விங் பேக், 2024இல் மறைந்த ஜார்ஜ் பால்டாக், தூரக் கம்பத்துக்கு ஓடுகிறார். ஒரு விங் பேக் பக்கத்திலிருந்து வரும் கிராஸை இன்னொரு விங் பேக் முடிப்பது இந்த ஏற்பாட்டின் இயல்பான விளைவு. வலப் பக்கம் தாக்கும்போது பாஷம் ஓடுவார், ஓ'கானல் நிற்பார். பாஷம் நடுக்களத்தில் ஆடிப் பழகியவர், ஆகவே பந்தோடு ஓடுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

இதை ஏதோ வீம்புக்குச் செய்த புதுமை என்று எழுதுவோர் உண்டு. ரைட் பேக்காகப் பதினைந்து ஆண்டு ஆடிய ஒருவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை என்பது எங்கள் எண்ணம். எதிரணி விங்கர் ஒருவர் என்றால் ரைட் பேக் சமாளிப்பார். விங்கரோடு இன்னொருவர் வெளிப்பக்கமாக வந்தால் அவர் செத்தார். சொந்த அணி விங்கர் உதவிக்கு வரமாட்டார் என்பதும் அனுபவப்பட்டவருக்குத்தான் தெரியும். அந்த வேதனையை எதிரணி மீது திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஊரில் பயிற்சி தருபவர்கள் யாராவது இதை முயல நினைத்தால் சில விஷயங்கள். பாதிக் களம் போதும். முதலில் எதிரிகளே இல்லாமல், நான்கு பேரும் ஓட்டத்தின் நேரத்தை மட்டும் பழக வேண்டும். பிறகு நாலுக்கு மூன்று. அதன் பிறகுதான் பின்னால் இரண்டு எதிர் ஃபார்வர்டுகளை நிறுத்தி, பந்து பறிபோனால் ஐந்து வினாடிக்குள் அவர்கள் சிறு கோலில் அடித்தால் அவர்களுக்குப் புள்ளி என்று விதி வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டுத் தாக்குதலை மட்டும் பழக்கினால் ஆட்டத்தன்று அடி நிச்சயம்.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் ஓட்டத்தின் நேரத்தில். ஸ்டாப்பர் முன்கூட்டியே கிளம்பினால் ஸ்டீவன்ஸ் போன்றவருக்கு வரவேண்டிய பாஸின் பாதையிலேயே குறுக்கே நிற்பார், சில சமயம் ஆஃப்சைடிலும் மாட்டுவார். தாமதமாகக் கிளம்பினால் எதிரணி விங்கர் ஏற்கெனவே இறங்கி வந்திருப்பார். அடுத்தது, பந்து வைத்திருப்பவர் கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது ஓடுவது. அப்போது பாஸ் வராது, ஓட்டம் வீண். நாற்பது ஐம்பது கெஜம் ஓடித் திரும்பும் ஸ்டாப்பர் இருபது முறை வீணாக ஓடினால் எழுபதாவது நிமிடத்தில் தன் சொந்த வேலையான தலையால் முட்டுவதற்குக்கூட எம்ப மாட்டார். மூன்றாவது, கிராஸ் முதல் தடுப்பாளரைத் தாண்டாமல் அடிபட்டுத் திரும்புவது. பந்துக்கு முன்னால் நம் ஆட்கள் ஐந்தாறு பேர் நிற்கும் நேரம் அது. அதனால்தான் கோட்டோரம் போன ஸ்டாப்பருக்குத் தோதில்லை என்றால் பந்தைப் பின்னால் தந்துவிட வேண்டும், குருட்டுக் கிராஸ் கூடாது. இரண்டு ஸ்டாப்பர்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் கணக்கு என்ன சொல்கிறது? 2018-19 சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டங்களில் அடித்தது 78, வாங்கியது 41. 89 புள்ளிகளோடு இரண்டாம் இடம், பிரீமியர் லீக்குக்கு நேரடி ஏற்றம். அந்த ஆண்டு இங்கிலாந்துப் பயிற்சியாளர்கள் சங்கம் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதை வைல்டருக்குத் தந்தது. மறு சீசன் பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் 39 அடித்து 39 வாங்கி, 54 புள்ளிகளோடு 9ஆம் இடம். தாக்கும் ஸ்டாப்பர் என்றதும் கோல் மழை என்று நினைத்துவிடக் கூடாது. எதிரணி விங்கரைப் பின்னால் தள்ளிவைப்பதால் எதிரணியின் தாக்குதல் மழுங்குகிறது, அதுதான் உண்மையான லாபம்.

அந்த சீசனில் தொழில்நுட்பம் இரண்டு முறை அவர்கள் காலை வாரியது. 2019 நவம்பரில் டாட்டன்ஹாம் மைதானத்தில் மெக்கோல்ட்ரிக் அடித்த கோலை, லண்ட்ஸ்ட்ரமின் கால் விரல் ஆஃப்சைடு என்று நீண்ட நேரம் விடியோ பார்த்து ரத்து செய்தார்கள். பால்டாக் பின்பு சமன் செய்ய 1-1. 2020 ஜூன் 17 அன்று, கொரோனா இடைவெளிக்குப் பின் நடந்த முதல் ஆட்டத்தில், ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டைத் தாண்டிச் சென்றும் கோல் கோட்டுக் கருவி நடுவருக்குச் சொல்லவில்லை. 0-0. வில்லா அந்த ஆண்டு ஒரே ஒரு புள்ளியில் இறங்காமல் தப்பியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி வீழ்ச்சி. உங்கள் கட்டுரையாளரோடு நாங்கள் முழுதாக வேறுபடுவது இங்கேதான். 2020-21இல் முதல் 17 லீக் ஆட்டங்களில் 2 புள்ளிகள். முதல் வெற்றி 2021 ஜனவரி 12 அன்று நியூகாசிலுக்கு எதிராக, ஷார்ப்பின் பெனால்டியில். மார்ச் 13 அன்று வைல்டர் விலகினார். கடைசி இடம், 23 புள்ளி, 38 ஆட்டங்களில் 20 கோல். முந்தைய ஆண்டின் அதே ஆட்கள்தான் பெரும்பாலும். மன உறுதி திடீரென எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும்.

போனது ஓ'கானலின் முழங்கால். சீசன் தொடங்கி இரண்டு லீக் ஆட்டங்களோடு அவர் வெளியேறினார், அறுவை சிகிச்சை, அதன் பிறகு அந்த அணிக்கு அவர் ஆடவே இல்லை. அந்த இடத்தில் ஜாக் ராபின்சன், கடனாக வந்த ஏதன் அம்பாடு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ராபின்சனும் இடக்கால்காரர்தான், மோசமான ஆட்டக்காரர் அல்ல. ஆனால் நான்கு ஆண்டு பழகிய நேரக் கணக்கு இரண்டு வாரத்தில் வந்துவிடாது. ஸ்டாப்பர் தயங்கினால் ஸ்டீவன்ஸ் உள்ளே நகர முடியாது, கோட்டோரம் தனியாக மாட்டிக்கொள்வார். எதிரணி விங்கர் இனிப் பின்னால் வரத் தேவையில்லை, முன்னாலேயே நிற்பார். அவர் அங்கே நிற்பதாலேயே இட ஸ்டாப்பர் இன்னும் நகர மாட்டார். ஒரு ஆள் போனதில் தாக்குதலும் தடுப்பும் சேர்ந்தே போனது இப்படித்தான். பாஷமுக்கும் அந்த சீசனில் காயம் வந்தது.

கடன் முடிந்து கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பியதும் உண்மை, ஆளில்லாத மைதானங்களும் உண்மை. ஆனால் எங்கள் பார்வையில் பெரிய பிழை ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தையில் நடந்தது. ரியான் ப்ரூஸ்டர் என்ற இளம் ஃபார்வர்டுக்குக் கிளப் வரலாற்றிலேயே அதிகமாக 2 கோடியே 35 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அந்த சீசனில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. அணியின் ஆட்ட முறையே இரண்டு ஓர ஸ்டாப்பர்களின் கால்களில் நிற்கும்போது, அவர்களுக்கு ஈடான மாற்று ஆளைப் பழக்கி வைக்காமல் முன்னால் செலவழித்ததற்கு வைல்டரும் பொறுப்புதான். புதுமை செய்தவர் என்பதற்காக அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

ஒப்பிடுவதற்கு இன்னொரு கீழ்நிலை லீக் ஸ்டாப்பர், ஷான் டைச். 1997இல் மூன்றாம் படியில் இருந்த செஸ்டர்ஃபீல்டின் கேப்டனாக எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மிடில்ஸ்பரோவுக்கு எதிராகப் பெனால்டி அடித்தவர். பர்ன்லி பயிற்சியாளராக அவர் எடுத்த வழி நேரெதிர்: 4-4-2, ஸ்டாப்பர்கள் பெனால்டி பாக்ஸின் அகலத்துக்குள்ளேயே நிற்பார்கள், வெளியே போடுகிற கிராஸைப் போட்டுக்கொள்ளட்டும், உள்ளே நாங்கள் முட்டிக்கொள்கிறோம் என்பது கணக்கு. 2017-18இல் அவருக்கும் அதே 54 புள்ளி, 7ஆம் இடம். அந்த முறையில் ஒரு ஸ்டாப்பர் போனால் இன்னொருவரை நிறுத்திவிடலாம். வைல்டரின் முறையில் முடியாது. 'பழைய தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி' என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

2023 டிசம்பரில் வைல்டர் அதே அணிக்குத் திரும்பியபோது அது ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த சீசனில் அணி வாங்கிய 104 கோல் பிரீமியர் லீக் வரலாற்றிலேயே அதிகம், அதைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. விட்டுப்போனது அடுத்த ஆண்டு. 2024-25இல் சாம்பியன்ஷிப்பில் 2 புள்ளி தண்டனை போக 90 புள்ளி எடுத்து மூன்றாம் இடம், பிளே ஆஃப் இறுதியில் சண்டர்லாந்திடம் கடைசி நிமிடக் கோலில் 2-1 தோல்வி. அந்த 90 புள்ளியை அவர் எடுத்தது பெரும்பாலும் நான்கு தடுப்பாளர்களோடு, 4-2-3-1 அமைப்பில். கோட்டோரம் ஓடும் ஸ்டாப்பர் கையில் இல்லை, ஆகவே தன் பெயரைச் சொல்லும் ஆட்ட முறையையே ஓரம் வைத்துவிட்டார். 2025 ஜூனில் அவரை அனுப்பிவிட்டு, புதியவர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்றதும், செப்டம்பரில் மறுபடி அவரையே கூப்பிட்டார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சியாளரைப் பற்றி எழுதும்போது, பெரிய படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, ஆடுகள வரைபடம் ஒன்றைப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். மூன்று ஸ்டாப்பர், ஒரு விங் பேக், நார்வுட்டுக்கு ஒரு புள்ளி, ஓடும் திசைக்கு இரண்டு அம்புக்குறி போதும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை – 39.